திரைக்குள் நுழைந்த போலீஸ் வண்டி

அஃப்சருன்னிசாவுக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றி எல்லாம் தெரியும். அதற்கு முதுகுப் பக்கம் ஒன்று உண்டு என்பது மட்டும் தெரியாது.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரிகிற அந்தச் சந்து நேரே அவள் வீட்டு ஜன்னலில் வந்து முட்டும். பிறகு வெட்கப்பட்டதுபோல் சட்டென்று திரும்பிக்கொள்ளும். ஜன்னலுக்குச் சாக்குத் திரை. திரையில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழிசல். திரையை விட்டு வெளியே வராத கோஷாப் பெண்ணுக்கு உலகம் அந்தக் கிழிசல்தான். ஜட்காவோ, சைக்கிளோ, சார்ஜெண்டு துரையின் மோட்டார் சைக்கிளோ, எதுவானாலும் முகத்தைக் காட்டிக்கொண்டு வரும். வந்து, பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பின்னால் மறைந்துவிடும். ஏழு வருஷமாக அவள் வண்டிகளின் முகத்தை மட்டுமே பார்த்து வந்திருக்கிறாள்.

பதினாறு வயதில் ஆற்காட்டிலிருந்து ஷரஃபுதீனைக் கட்டிக்கொண்டு வந்தவள். வரும்போது அவளுக்குத் தெரிந்த வித்தை இரண்டு: தொப்பிக்கு ஜரிகைப் பூ போடுவது, கோபம் வந்தால் மூன்று நாள் பேசாமல் இருப்பது. ஷரஃபுதீன் அப்போது மவுண்ட் ரோடில் ஒரு மோட்டார் பட்டறையில் ஒயர்மேன். ஐந்தாம் வருஷம், பேட்டரிக்கு ஊற்ற வேண்டிய திராவகத்தை வலது கையில் ஊற்றிக்கொண்டான். கை ஆறியது. மூன்று விரல்கள் மட்டும் கோணிக்கொண்டு, மடங்கவும் மாட்டோம் நிமிரவும் மாட்டோம் என்று நின்றுவிட்டன. பட்டறையில் வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொன்னார்கள். அன்று முதல் அவன் அந்தக் கையைக் கோட்டுப் பையிலேயே வைத்திருந்தான். யாராவது கேட்டால், பையில் பொடி டப்பா இருக்கிறது, திருட்டுப் போய்விடும் என்பான். அவனுக்குப் பொடி போடும் பழக்கமே கிடையாது.

வேலையை வீட்டுக்கு வாங்கி வந்து செய்ய ஆரம்பித்தான். செய்ய ஆரம்பித்தான் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். முதலில் அவன் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். ஆறு மாதத்தில் அவள் சொல்லச் சொல்ல அவன் தலையாட்டினான். ஒயர் என்பது கொஞ்சம் திமிர் பிடித்த ஜரிகை, அவ்வளவுதான் என்பது அவள் கருத்து. எந்த ஒயர் எதற்கு என்று தெரிய, நுனியில் கலர் நூல் கட்டி அனுப்புவாள். கத்துகிற ஆரனுக்குச் சிவப்பு, பெரிய விளக்குக்குப் பச்சை. அவன் போய், யாரும் பார்க்காத இடத்தில், இடது கையும் பல்லுமாக அந்த நுனிகளை இணைத்துவிட்டு வருவான். ஊரில் ஷரஃபுதீன் பாய் வேலை சுத்தம் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவன் தரையைப் பார்ப்பான். அவள் திரைக்குப் பின்னால் சிரித்துக்கொள்வாள்.

1934-இல் துரைராஜ் வந்து சேர்ந்தார். ராயப்பேட்டையில் ஷெட் வைத்து மூன்று டாக்சியும் ஒரு லாரியும் ஓட்டும் முதலாளி. போலீஸ் ஏலத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் எடுத்திருந்தார். போலீஸ்காரர்கள் தங்கள் சாமான்களையெல்லாம் கழற்றிக்கொண்டுதான் கொடுத்திருந்தார்கள். ஹேண்டில் பாரில் ஓட்டைகள் மட்டும் மிச்சம்.

"லெஃப்ட்ல ஆரன், ரைட்ல பெரிய லைட்டு, நடுவுல குட்டி லைட்டு" என்று மூர் மார்க்கெட்டில் வாங்கிய மூன்று கறுப்பு ஸ்விட்சுகளை நீட்டினார். மூன்றும் ஒரே அச்சு.

"ஆரனுக்கு அமுக்கற பட்டன்தான் போடணும், மொதலாளி. இது தட்டிவுடற ஸ்விட்ச்சு. தட்டினா கத்திக்கினே இருக்கும்."

"கத்தட்டும் பாய். மூணும் ஒரே மாரி இருந்தாத்தான் பாக்க லட்சணமா இருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இத்த ஒயுங்கா முட்ச்சியின்னா ஷெட்டுக்கு நீதான் பர்மனெண்டு ஒயர்மேன். சொதப்பினியோ, வேற ஆளப் பாத்துப்பேன். கோச்சுக்கக் கூடாது."

ஷரஃபுதீன் ஹேண்டில் பாரை மட்டும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஏன் என்று துரைராஜ் கேட்டதற்குத் தொழில் ரகசியம் என்றிருந்தான். அந்த ரகசியம் அப்போது அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது.

"இடது பக்கம் ஆரன், வலது பக்கம் லைட். புரிஞ்சுதா?"

"ஏங்க, தினம் ஜன்னல்ல உக்காந்திருக்கறது யாரு? உங்களவிட அதிகமா மோட்டார் சைக்கிள் பாத்தவ நான்."

பாயில் ஹேண்டில் பாரைப் போட்டாள். எப்படிப் போட்டாள்? சந்திலிருந்து ஒரு வண்டி தன்னை நோக்கி வந்து நின்றால் எப்படி இருக்குமோ அப்படி. அதன் இடது எது என்று யோசிக்கவில்லை. தன் இடது கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஆரனை வைத்தாள். இரண்டு நாள் வேலை. ஒயரெல்லாம் குழாய்க்குள் ஓடி மறைந்து, நூல் கட்டிய நுனிகள் மட்டும் எட்டிப் பார்த்தன. மடியில் வைத்துத் துடைத்து, அத்தர் கூடக் கொஞ்சம் தடவிக் கொடுத்தனுப்பினாள். ஷெட் வேலை கிடைத்தால் வீட்டுக்காரர் கோட்டைக் கழற்றிவிட்டு நடப்பார் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை. சிவப்பை ஆரனோடும் பச்சையை விளக்கோடும் ஷரஃபுதீன் ஷெட்டில் இணைத்து முடித்தபோது மணி பத்து இருபத்தைந்து. ஒரு தடவை தட்டிப் பார்த்துவிடலாம் என்று வாயெடுத்தான்.

"பத்தரைக்கு ராவுகாலம்" என்று சொல்லி, துரைராஜ் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஷரஃபுதீன் ஜும்மாவுக்குக் குளிக்க வீடு வந்து சேர்ந்தான்.

அவன் வந்து கால் மணி நேரம் கழித்து, கிழிசல் வழியாக அஃப்சருன்னிசா தன் கைவேலையைப் பார்த்தாள். முகத்தைக் காட்டிக்கொண்டு வந்தது. அதன் கழுத்தில் வைக்கோல். ஓட்டி வந்தவர் தலையிலும் வைக்கோல். பின்னால் சைக்கிளில் அவருடைய லாரி டிரைவர் சேட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தான்.

துரைராஜ் வாசலில் நிறுத்தினார்.

"பாய், ஆரன் தட்டினா வெளிச்சம் வர்து. லைட்டு தட்டினா கத்துது. எதுர்ல வைக்கோல் வண்டி. ஆரன் தட்டறேன், தட்டறேன், ஒரு சத்தமும் காணோம். வண்டிக்காரன் இன்னா கேட்டான் தெரியுமா? பட்டப்பகல்ல லைட்டு போட்டுக்கினு வந்து இடிக்கிறியே, உனக்கு கண்ணு அவ்ளோ மோசமான்னு கேட்டான்."

"அப்பால லைட்ட அணைக்கறேன்னு இன்னொண்ணத் தட்டினாரு" என்றான் சேட்டு. "ஆரன் கத்திச்சு பாரு, போலீசுன்னு நெனச்சு கோயில் டேங்க் பக்கம் சீட்டாடினவன்லாம் படிக்கட்டுல எறங்கி மொகம் கய்வறான்."

"நீ வாய மூடு. பாய், என் கண்ணு முன்னால இப்பியே மாத்து."

ஷரஃபுதீனின் இடது கை வண்டியைத் தொட்டது. வலது கை பையிலேயே இருந்தது. துரைராஜ் அந்தப் பையைப் பார்த்தார்.

"இன்னா, அந்தக் கைக்கு இன்னிக்கி லீவா?"

ஷரஃபுதீன் தரையைப் பார்த்தான். காது சிவந்தது. வாசல் திரைக்குப் பின்னால் நின்றிருந்த அஃப்சருன்னிசா அந்தக் காதைப் பார்த்தாள். மூன்று நாள் பேசாமல் இருக்கத் தெரிந்தவளுக்கு மூன்று நிமிஷம் பேசாமல் இருக்க முடியவில்லை.

"ஏங்க" என்றாள், கணவனிடம் சொல்வதுபோல், தெருவுக்கே கேட்கும்படி. "அவங்க வண்டியில எந்தப் பக்கம் பாத்து உக்காருவாங்கன்னு கேளுங்க."

துரைராஜ் திரையைப் பார்த்தார். சேட்டுவைப் பார்த்தார்.

"முன்னாடி பாத்துதாம்மா உக்காருவேன். பின்னாடி பாத்து ஓட்டறவன் சர்க்கஸ்ல இருப்பான்."

உள்ளே அஃப்சருன்னிசா ஏழு வருஷமாகப் பார்த்த வண்டிகளை மனசுக்குள் ஒவ்வொன்றாகத் திருப்பி நிறுத்தினாள். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வண்டியோட தலைய உள்ள தள்ளச் சொல்லுங்க."

படி ஒன்றுதான். சேட்டுவும் துரைராஜும் பின்னாலிருந்து தள்ள, மோட்டார் சைக்கிள் திரையை விலக்கிக்கொண்டு கழுத்து வரை வீட்டுக்குள் போனது. முன்பாதி கோஷா, பின்பாதி தெரு. உள்ளே கத்தரிக்கோல் சத்தமும் வளையல் சத்தமும் மாறி மாறிக் கேட்டன. முதலாளி தன் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாழ்நாளில் அவர் இவ்வளவு அடக்கமாக நின்றதில்லை என்று சேட்டு பிற்பாடு ஷெட்டில் சொன்னான்.

சிவப்பு நூல் பச்சை இருந்த இடத்துக்கும், பச்சை சிவப்பு இருந்த இடத்துக்கும் போயின.

"ஏறி உக்காரச் சொல்லுங்க."

துரைராஜ் ஏறி உட்கார்ந்தார். திரை அவர் முகத்தில் விழுந்தது, நிக்காஹ் மாப்பிள்ளைக்குப் பூச்சரம் தொங்குவதுபோல். கைகள் மட்டும் திரைக்கடியில் நுழைந்து ஹேண்டில் பாரைப் பிடித்தன. அவள் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

"இடது."

தட்டினார். ஆரன் கத்தியது. சந்தின் முனையில் யாரோ ஓடினார்கள். அணைத்தார்.

"வலது."

அந்த வீட்டில் அரிக்கேன் விளக்குக்கு மேல் வெளிச்சம் கண்டவர் யாருமில்லை. அறை முழுக்க வெள்ளையாகிவிட்டது. ஆணியில் தொங்கிய சட்டை, பாதிப் பூவோடு நிற்கும் தொப்பி, கூரையின் நாலு மூலையிலும் ஒட்டடை. இவ்வளவு ஒட்டடையோடா குடித்தனம் நடத்தினோம் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

வெளியே துரைராஜ் திரையைத் தலைமேல் தள்ளிக்கொண்டு, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பினார்.

"பாய், அந்தக் கையக் காட்டு."

ஷரஃபுதீன் எடுத்துக் காட்டினான். துரைராஜ் பார்த்தார். சேட்டுவும் பார்த்தான், சிரிக்கவில்லை.

"ஷெட்டுக்கு ஒயர்மேன் வேணும்னுதான் சொன்னேன்" என்றார் துரைராஜ். "கை எங்க இருக்கணும்னு நான் சொன்னதில்ல. திங்கக்கெயம காலைல வந்துடு. பேட்டரிக்கு சார்ஜு ஏத்தறது, பழுது பாக்கறது உன்து. ஒயரு எல்லாம் இங்க வரட்டும்."

"ஒயர் மட்டும் வேணாம், வண்டியும் வரணும்னு சொல்லுங்க" என்றது திரை.

"வரும்மா. லாரி மட்டும் நொயையாது."

சேட்டு வண்டியைப் பின்னால் இழுக்கக் கை வைத்தான்.

"இருக்கச் சொல்லுங்க" என்றாள் அஃப்சருன்னிசா. உள்ளே துடைப்பத்தின் சத்தம் ஆரம்பித்திருந்தது.

"லைட்ட அணைச்சிடட்டாம்மா? பேட்டரி எறங்கிடும்" என்றார் துரைராஜ்.

"எறங்கட்டும். ஏத்தறதுக்கு ஷெட்ல புதுசா ஆள் போட்டிருக்காங்க இல்ல."

துரைராஜ் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, வண்டியை விட்டு இறங்கினார். மூன்று மூலை ஒட்டடை முடிந்து நாலாவது மூலைக்குத் துடைப்பம் போய்ச் சேரும்வரை, மடங்காத மூன்று விரல்களை வெளியே வைத்துக்கொண்டு ஷரஃபுதீனும், வைக்கோலோடு முதலாளியும், சைக்கிளில் சாய்ந்தபடி சேட்டுவும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள்.