நாற்றம் நின்ற தொட்டி

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஏலக்காரர்கள் ஆதிலட்சுமியை மூக்குக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிவப்பாக இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். செவுளைச் சிவப்பாக்கத் தெரிந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். இவள் கூடையின் மேல் குனிந்து ஒரு தடவை மோந்துவிட்டு, "முந்தாநாளு மீனு" என்பாள். அதோடு பேரம் முடிந்துவிடும். விற்க வந்தவன், "ஒம் மூக்குல மொளகாப்பொடிய வைக்க" என்று திட்டுவான். மறுநாள் அடுத்தவன் மீனை மோந்து பார்க்க அவனே வந்து நிற்பான்.

அவளுடைய கணவன் காசிலிங்கம் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து செத்தான். அதே படகில் இருந்த அவள் தம்பி அரிகிருஷ்ணன் நீந்திக் கரை சேர்ந்தான். காரியம் முடிந்த கையோடு தம்பி மறுபடியும் கடலுக்குக் கிளம்பினான். வேறு என்ன செய்வான், அதுதான் தெரியும். அவன் போகிற நாளெல்லாம் ஆதிலட்சுமிக்குச் சோறு இறங்காது. ஒருத்தரைக் கொடுத்தாயிற்று, இவனைக் கொடுப்பதில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி செம்மல் ரூபத்தில் வந்தது. இன்ஜினியரிங் படித்தவன், முப்பது வயதிருக்கும். உப்பளம் பகுதியில் ஒரு பழைய கிடங்கை வாடகைக்குப் பிடித்து ஸ்டார்ட்டப் ஆரம்பித்திருந்தான். துறைமுகத்தில் கழித்துப் போடும் மீன் தலை, குடல், செதில் எல்லாவற்றையும் டிரம்மில் வெல்லத்தோடு ஊறவைத்து, வயலுக்குத் தெளிக்கிற மீன் அமிலம் தயாரித்தான். டிரம் கழுவுகிற தண்ணீரையும் வீணாக்கவில்லை. அது தரைக்கடியில் ஒரு தொட்டியில் தெளிந்து, கல்வாழைப் பாத்தி வழியாகச் சுத்தமாகிச் செடிகளுக்குப் போனது. துறைமுகத்துப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். "குப்பைய வாங்கிக்கினு போவ ஒரு முசியே வந்திருக்காரு பாரு" என்றார்கள். பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து படித்த ஐயாமாருக்கு அங்கே முசியே என்றுதான் பேர்.

எந்த டிரம் பதமாகிவிட்டது, எது கெட்டுவிட்டது என்பதில் செம்மலுக்கு அடிக்கடி குழப்பம் வந்தது. ஆதிலட்சுமி மோந்து சொன்னாள். வேலைக்கு வருகிறீர்களா என்று அவன் கேட்டபோது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"நான் வரேன் தம்பி. எந் தம்பிக்கும் சேத்து வேல குடுக்கணும்."

அரிகிருஷ்ணன் முதலில் முறைத்தான். "கடல்ல மீன் புடிச்சவன் இங்க மீன் கொடல அள்ளணுமா யக்கா?" என்றான். பிறகு வந்தான். கரையில் வேலை என்றதும் அவனுக்குப் பெண் கொடுக்க அரியாங்குப்பத்தில் ஒரு வீட்டார் வாய் திறந்தார்கள். ஆதிலட்சுமிக்கு வெகுகாலம் கழித்துத் தூக்கம் வந்தது.

அந்தத் தொட்டி விஷயத்தில் செம்மல் கண்டிப்பாக இருந்தான். உள்ளே கெட்ட காற்று சேரும். காற்றை அளக்கிற மீட்டரை உள்ளே விட்டுப் பார்க்காமல் யாரும் இறங்கக்கூடாது. மீட்டர் பழுதாகி, சரிசெய்யச் சென்னைக்குப் போயிருந்தது. அது வரும்வரை மூடியையே தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தான்.

அன்றைக்குப் பாகூர்ப் பக்கத்து விவசாயிகள் கிடங்கைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களை அழைத்துவரச் செம்மல் போயிருந்தான். தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற குழாயின் வாயைச் செதிலும் கசடும் அடைத்துக்கொண்டு, கழுவுகிற தண்ணீர் திரும்பிக் கிடங்குத் தரையில் பரவியது. வாசலைத் தாண்டினால் தெரு. தெருக்காரர்கள் ஏற்கெனவே நாற்றம் என்று புகார் கொடுத்திருந்தார்கள். இன்னொரு புகார் வந்தால் பூட்டிவிடுவதாக அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

பூட்டினால் தம்பி எங்கே போவான் என்று ஆதிலட்சுமிக்குத் தெரியும். செம்மலுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை.

"ஏணி வச்சு எறங்கி ஒரு குத்து குத்துனா போயிடும்" என்றான் அரிகிருஷ்ணன். "ஆனா மீட்டர் இல்லாம எறங்காதன்னு முசியே சொல்லிக்கீறாரே."

"மொதல்ல மூடியத் தொற. காத்தாடட்டும். நான் சொல்றப்போ எறங்கு."

மூடியைத் தூக்கியதும் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அறைந்தது. அவன் விலகி ஓடினான். அவள் ஓடவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டியின் ஓரத்திலேயே உட்கார்ந்து, தண்ணீர் வாசலுக்குப் போகாமல் சாக்கை மடித்து மடித்துப் போட்டாள். அவ்வப்போது குனிந்து மோந்து பார்த்தாள். நாற்றம் குறைந்தது. இன்னும் குறைந்தது. பிறகு சுத்தமாக இல்லை.

"போயிடுச்சுடா" என்றாள். "இப்ப எறங்கு. கயித்தக் கட்டிக்கினு எறங்கு."

கடலில் படகுக்கு அடியில் சுழலும் காற்றாடியில் வலை சிக்கினால் இடுப்பில் கயிறு கட்டாமல் அவன் தண்ணீரில் கால் வைத்ததில்லை. இப்போது சிரித்தான். "ஆள் ஒசரத்துக் குழிக்குக் கயிறா? ஹார்பர்ல கேட்டா மானம் போயிடும் யக்கா."

கையில் கம்பியோடு இறங்கினான். ஏணியில் நின்றபடியே குழாயைக் குத்தத் தொடங்கினான்.

டிரம் கழுவுகிற துர்கா அப்போதுதான் வாசலில் நுழைந்தாள். நுழைந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா இது? கொமட்டுது. தெருமொனையிலயே ஆள அடிக்குது."

"எங்க நாறுது? எல்லாம் போயி நேரமாச்சு."

"போச்சா? மூக்கு இருக்கா இல்லியா ஒனக்கு?"

கேலியாகத்தான் சொன்னாள். ஆதிலட்சுமி தன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனாள். கல்யாண நாளன்றுகூட மீன் வாடை போகாத கை அது. ஒன்றும் இல்லை. பக்கத்தில் திறந்து கிடந்த டிரம்மின் மேல் குனிந்தாள். வெல்லம் இல்லை, புளிப்பு இல்லை. தொட்டிக்குள் நாற்றம் அப்படியேதான் இருந்தது. அவள் மூக்கில்தான் இல்லை.

"அரி, மேல வா. வாடா மேல."

குழாய் அடைப்பு விட்டது. தேங்கிய தண்ணீர் தொட்டிக்குள் கொட்டிக் கசடைக் கலக்குகிற சத்தம் கேட்டது. அரிகிருஷ்ணன் அண்ணாந்து அவளைப் பார்த்தான். ஏதோ சொல்லப்போகிறவன்போல வாய் திறந்தது. சொல்லவில்லை. கம்பி கையிலிருந்து நழுவியது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குப்புற விழுந்து அவன் சட்டையைப் பற்றினாள். சட்டை கிழிந்தது. தலைமுடி கையில் சிக்கியது. துர்கா அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் கத்தினாள். முனையில் நின்ற ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்து அவனைத் தூக்கிப் போட்டார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது.

அவன் பிழைத்தான். மூக்கை மரக்கவைத்துவிட்டு அப்புறம்தான் ஆளை அடிக்கிற காற்று என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆதிலட்சுமிக்கு வாசனை திரும்பிவர இரண்டு நாளானது. செம்மல் வராந்தாச் சுவரோரம் உட்கார்ந்திருந்தான்.

"நான் பூட்டுப் போட்டிருக்கணும்க்கா."

"நீ சொல்லிட்டுத்தான தம்பி போன" என்றாள்.

அரிகிருஷ்ணனின் நெஞ்சில் பழைய பலம் இல்லை. மாடி ஏறினால் நின்று நின்று ஏறினான். வலை இழுக்கிற ஆள் இல்லை இனி. அவள் நினைத்தது நடந்துவிட்டது. கடல் அவனை விட்டுவிட்டது. பெண் வீட்டார் மட்டும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள்.

துறைமுகத்தில் இப்போதும் கூப்பிடுகிறார்கள். அவள் குனிந்து மோந்துவிட்டு, வாடை தெரிந்தும் அதை நம்பாமல், "எனக்குத் தெரியலப்பா" என்கிறாள். மூக்குக்காரிக்கு ஜலதோஷம் என்று விற்கிறவர்கள் சந்தோஷப்படுகிறார்கள்.

செம்மலின் வியாபாரம் வளர்ந்தது. அரியாங்குப்பத்தில் பெரிய கிடங்கு, பெரிய தொட்டி. மீட்டர் இப்போது இரண்டு, மூடிக்குப் பூட்டு, சாவி அரிகிருஷ்ணன் பொறுப்பு. கடலுக்குப் போக முடியாதவனுக்கு இதைவிட என்ன வேலை கிடைக்கும் என்று அவளிடமே எல்லாரும் கேட்டார்கள்.

புதுக் கிடங்கைத் திறப்பதற்கு முன்னால் போய்ப் பார்த்தாள். தொட்டியைத் தேடவேண்டியிருக்கவில்லை. ஏணியின் நுனி தரைக்குமேல் நீட்டிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தாள். பழையதைவிட இரண்டு பங்கு ஆழம். அடியில் அரிகிருஷ்ணன் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"மேல வா."

"காலித் தொட்டி யக்கா. ஒரு சொட்டு தண்ணி இல்ல. சிமெண்டு வாசனதான். உள்ள சில்லுனு இருக்கு, நீயும் வந்து பாரு."

"மேல வாடா."

"இப்பத்தான் எறங்குனேன். ஏறுனா மூச்சு வாங்குது. கொஞ்சம் இரு, வரேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். சிமெண்டு வாசனைதான் அவள் மூக்கிலும் ஏறியது; அந்த மூக்கை அவள் நம்பவில்லை. அவள் ஏணியின் மேல்படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று அந்த ஆழத்தில் சரியாகத் தெரியவில்லை. மறுபடியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.