அடைக்கலப் பட்டணம், ஜெலுத்தோங்

போன வாரம் பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் விருந்தில் ஒரு தட்டு சார்டின் ரொட்டியை என் முன்னால் நீட்டினார்கள். வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துப் பிசைந்த அந்த மீன் வாடை மூக்கில் ஏறியதும் பிறந்தநாள் பிள்ளையின் பெயர்கூட மறந்துபோயிற்று. பல வருஷத்துக்கு முந்தைய ஜெலுத்தோங்கில் ஒரு மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். என் மூக்குக்கு இருக்கிற ஞாபகசக்தி மூளைக்கு இருந்திருந்தால் பள்ளிக்கூடத்தில் கணக்கிலாவது தேறியிருப்பேன்.

கீழே டயர் பட்டறை, மேலே எங்கள் ஜெபக்கூடம். பாட்டுக்கு நடுவே கீழேயிருந்து காற்றடிக்கும் சத்தம் வரும். நான் பாடும்போது அது மற்றவர்களுக்குப் பெரிய உதவி. ஆராதனை முடிந்தால் சார்டின் ரொட்டியும் பாலில்லாத தே ஓவும். பிசைவது எப்போதும் எஸ்தர் அக்காதான். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் ஒரே லைன். அப்போது எனக்கு வீட்டில் தினமும் சண்டை. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "சும்மா வந்து உக்காருலா. ஒன்ன யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க" என்று கூட்டிவந்தார். உண்மையிலேயே கேட்கவில்லை. அழுதால் அழவிட்டார்கள், பசித்தால் ரொட்டி கொடுத்தார்கள். அதைவிட வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்.

பிறகு ஒரு மழைநாள். எஸ்தர் அக்காவின் கணவர் சுங்கை பினாங் வளைவில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி, எதிரே வந்த எங்கள் தொழிற்சாலை பஸ்ஸுக்கு அடியில் போய்விட்டார். ஓட்டியவர் மோகன் அண்ணன், தினமும் எங்களை வேலைக்கு ஏற்றிப்போனவர். அவர்மீது தவறில்லை என்று போலீஸ் சொன்னது. அவருக்கு மட்டும் அது கேட்கவில்லை. பஸ்ஸைத் தொடுவதையே விட்டுவிட்டார். சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதுவரை கோயிலுக்கு மட்டுமே போயிருந்த அவரே படியேறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எஸ்தர் அக்கா அப்போது சுங்கை பட்டாணியில் தங்கை வீட்டில் இருந்தார். பாஸ்டர் வேதத்தைத் திறந்து, தெரியாமல் ஓர் உயிர் போகக் காரணமானவன் ஓடிப்போய்த் தஞ்சமடைய ஆண்டவர் குறித்துக்கொடுத்த அடைக்கலப் பட்டணங்களைப் பற்றி வாசித்தார். மோகன் அண்ணன் முன்நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். கூடமே அழுதது. அன்றைக்கு வேதம் அவருக்குக் கூரையும் சுவருமாக இருந்தது. இன்றைக்கும் அதை நான் மறுக்கமாட்டேன்.

எங்கள் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. மனஸ்தாபப்பட்ட இருவர் சமாதானமானால், எல்லாருக்கும் முன்னால் கைகொடுத்துச் சாட்சி சொல்ல வேண்டும். நாத்தனார் சண்டை, மீன்குழம்புச் சட்டியைத் திருப்பித் தராத சண்டை எல்லாம் அப்படித் தீர்ந்திருக்கின்றன. சட்டிக்குச் சரியாக வந்தது சாவுக்கும் சரியாக வரும் என்று நினைத்துவிட்டார்கள்.

எஸ்தர் அக்கா திரும்பிவந்த முதல் ஞாயிறே பாஸ்டர் மைக்கில், "சிஸ்டர், முன்னுக்கு வாங்க. பிரதர் மோகனும் வாங்க" என்றார். அக்கா போனார். கையை நீட்டினார். "மன்னிச்சிட்டேன்" என்றார். கூடம் முழுக்க அல்லேலூயா. மோகன் அண்ணன் மட்டும் தலை நிமிரவில்லை.

பின்கட்டில் அக்கா வழக்கம்போல மீனைப் பிசைந்துகொண்டிருந்தார். இப்போது வேண்டாமென்று சொல்லியிருக்கலாமே என்றேன்.

"மைக்க வாய்க்கிட்ட வச்சிக் கேட்டா எப்படிடி வேணாங்கிறது?" கட்டைவிரலால் முள்ளை நசுக்கினார். "அவருக்கு ஓடிவர ஒரு எடம் கெடச்சிச்சி. சரி, இருக்கட்டும். எனக்கும் இதானே எடம்? நான் இங்கருந்து எங்க ஓடுறது?"

அதற்குப் பிறகு எஸ்தர் அக்கா வரவில்லை. ஜெபிக்கப் போனவர்கள், கதவு திறக்காததால் ஃபிளாட் வாசலிலேயே நின்று பாடிவிட்டு வந்தார்கள். புதன்கிழமைக் கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லி, கசப்பு நீங்க வேண்டுமென்று ஜெபித்தார்கள். சந்தையில் மீன் விற்கும் ரோசி அக்கா என் காதோரம், "மன்னிப்பு என்ன பெனடோல் மாத்தரயா, முழுங்குனவொடனே கேக்குறதுக்கு?" என்று முணுமுணுத்தார். சத்தமாகச் சொல்ல அவருக்கும் தைரியமில்லை.

மோகன் அண்ணனுக்குத்தான் முதலில் புரிந்தது. ஒருநாள் படியிறங்கும்போது, "நான் வராம இருந்தா அவங்க வருவாங்கல்ல, தங்கச்சி?" என்று கேட்டார். அடுத்த வாரம் அவரைக் காணவில்லை. நல்ல சேதி கொண்டுபோகிற நினைப்பில் எஸ்தர் அக்கா வீட்டுக்கு ஓடினேன். கதவைக் கொஞ்சமாகத் திறந்து கேட்டுக்கொண்டார். "அவரயும் தொரத்தியாச்சா" என்றார். சாத்திக்கொண்டார்.

அந்த மாடியில் இப்போது ஏதோ ஆன்லைன் வியாபாரத்தின் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. சபை குளிர்சாதன மண்டபத்துக்கு மாறிவிட்டது. கூட்டம் அதிகம், பாட்டும் நன்றாகவே இருக்கிறது. எஸ்தர் அக்கா மகளோடு ஜொகூருக்குப் போய்விட்டார் என்று கேள்வி. மோகன் அண்ணன் இறந்த செய்தி வெகுநாள் கழித்துத்தான் எங்களுக்கு வந்தது. அவரைப் புதைத்தார்களா எரித்தார்களா என்று எங்கள் சபையில் ஒருவருக்கும் தெரியாது.