சர்தார்ஜி சுட்ட சப்பாத்தி

தண்ணீருக்குப் போர் போடுகிற ஊரில் காலையில் நாங்கள் மாப்பிள்ளைகள். சாயங்காலத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்றால் சம்பந்தம் முறிந்துவிடும். போர் போட்டுவிட்டுப் புழுதியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு இந்த வேதனை புரியும். எழுபதுகளில், மழை பொய்த்த ஒரு வருஷம், திருச்சுழிப் பக்கம் கம்ப்ரஸர் லாரி ஓட்டினேன். துளை போடுகிற மிஸ்திரி ஹர்நாம் சிங், பஞ்சாப்காரர். என் வயசுதான். எல்லோருக்கும் அவர் சர்தார்ஜி. அருப்புக்கோட்டையில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம் எங்களுடையது. பம்பாய் மில்லில் இருந்தபோது ஒட்டிக்கொண்ட அரைகுறை இந்திப் பேச்சால், அவருக்கும் ஊருக்கும் நடுவில் நான்தான் வாய்.

படத்தில் இருப்பவர்

பரளச்சிக்கு அப்பால் ஒரு ஊரில் வண்டியை நிறுத்தினோம். லாரியின் முன்கண்ணாடிக்கு மேலே குருநானக் படம். பருத்திக்காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மேலத்தெருப் பேச்சியம்மா நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இவுக எந்தூருச் சாமி?" என்றாள்.

சர்தார்ஜி பதறிப்போனார். சாமி இல்லை, குரு என்றார். கடவுளை மறக்காதே, உழைத்துச் சாப்பிடு, இருப்பதைப் பகிர்ந்து சாப்பிடு, இதுதான் அவர் சொன்னது என்றார். நான் தமிழில் சொன்னேன். பேச்சியம்மா கொஞ்சம் யோசித்தாள். "மொத ரெண்டும் செஞ்சிருவோம்யா. மூணாவதுக்குத்தேன் வீட்ல மிச்சம் எதுவும் இல்ல."

இஞ்சின் நின்றது

துளை இறங்க இறங்கப் புழுதி சேறாகி, சேறு தண்ணீராகிக் குழாய்க்கு மேலே பீச்சியடித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். ஊர் நாட்டாமை முன்னால் வந்து, மேலத்தெருக் குடங்கள் நிறைந்த பிறகுதான் காலனிக் குடங்கள் என்றார். காலனிப் பெண்கள் கருவேல வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார்கள். ஏன் அங்கே நிற்கிறார்கள் என்று சர்தார்ஜி கேட்டார். சொன்னேன். அவர் போய் இஞ்சினை அணைத்தார். வந்த தண்ணீர் குழிக்குள் இறங்கிவிட்டது.

முதலாளியிடம் சொல்லி உன் வேலைக்கு உலை வைக்கிறேன் என்று நாட்டாமை கத்தினார். சர்தார்ஜி இரும்புக் குழாய்மேல் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "லைன் ஒண்ணு, தண்ணி வரும். லைன் ரெண்டு, இஞ்சின் ரிப்பேர்."

வெயில் ஏறியது. நாட்டாமை துண்டை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போனார். கடைசியில் மேலத்தெருப் பெண் ஒருத்தி தன் குடத்தை நகர்த்தி இடம்விட்டு, வேலிப்பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்: "வாங்கடி வெரசா. ரிப்பேராமுல்ல!"

ஐப்பசிப் பௌர்ணமி

கைபம்பு மாட்டுவதற்குள் குருநானக் பிறந்த நாள் வந்துவிட்டது. சர்தார்ஜி டவுனிலிருந்து கோதுமை மாவும் பருப்பும் வாங்கிவந்து, லாரியோரம் அடுப்பு மூட்டி, ஊரையே சாப்பிடக் கூப்பிட்டார். அன்று நாட்டாமை அன்னாபிஷேகம் பார்க்கத் திருச்சுழி கோயிலுக்குப் போயிருந்தார். சாப்பாட்டுக்கு ஒரே நிபந்தனை: எல்லோரும் தரையில், ஒரே பந்தியில். மேலத்தெருவில் பாதிப்பேர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பாத்திரத்தோடு வந்த நாட்டாமை வீட்டம்மா, வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லை என்றதும் தயங்கி நின்று, பிறகு பந்தியின் கடைசியில் முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்தார்.

பேச்சியம்மா பிள்ளைகளோடு வந்து காலனி முனியாண்டி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் பழக்கதோஷத்தில் விசுக்கென்று எழுந்தார். அவள் இலையைவிட்டுக் கையை எடுக்காமல் சொன்னாள்: "உக்காரும்யா. நீரு எந்திரிச்சா நானும் எந்திரிக்கணும். எனக்குப் பசிக்குது."

மாற்றல்

நாட்டாமையின் புகார் முதலாளிக்குப் போய்ச் சேர்ந்தது. சர்தார்ஜியைச் சேலம் பக்கம் மாற்றினார்கள். அவர் அங்கேயும் தண்ணீர் இல்லாத சனம்தானே என்று பெட்டியைக் கட்டினார். கிளம்புகிற நேரம் நாட்டாமை வந்தார். சர்தார்ஜி முகத்தைப் பார்க்காமல், லாரிச் சக்கரத்தைப் பார்த்தபடி என்னிடம் கேட்டார்: "வீட்ல அந்தப் பருப்பப் பத்தியே பேசுறாக. அதுல என்னத்தப் போட்டாருன்னு கேட்டுச் சொல்லுப்பா."

போர் போடுகிற தொழிலில் இத்தனை காலம் இருந்து நான் கண்டது, பாறை ஒரே நாளில் உடைந்துவிடும், ஊர்க்காரர்களுக்குத்தான் கொஞ்சம் பருப்பும் சப்பாத்தியும் சேர்த்துச் செலவாகும் என்பதுதான்.