ஆடி மாசத்துல ஓடின சரக்கு ரயில்

சரக்கு ரயில் தொழில்ல மொத்த வேலையும் ஒண்ணுதான்: வண்டி எங்க வேணுமோ, அங்க அது இருக்கணும்.

கண்காட்சி ஆரம்பிச்சு ஒரு மணி நேரம்தான் ஆச்சு, எங்க பொம்மை ரயில்ல வண்டி ஒண்ணுகூட வேணுங்கற இடத்துல இல்ல. மேஜைக்கு இடது பக்கம் துறைமுகம், வலது பக்கம் உள்நாட்டு ஜங்ஷன். துறைமுகத்துல கரி மலையா குவிஞ்சு கெடக்கு, ஏத்த ஒரு வேகன் கிடையாது. ஜங்ஷன்ல எல்லா வேகனும் ஒண்ணு மேல ஒண்ணு இடிச்சுக்கிட்டு நிக்குது, இன்ஜின் வெளிய வரவே வழியில்ல. சுத்தி ஜனங்க.

என்கூட வேலை செஞ்ச மூர்த்தி யோசிக்கவே இல்ல. ஜங்ஷன்லேர்ந்து வேகன்களை அள்ளி, மலை, பாலம், ஆறு எல்லாத்துக்கும் மேல தூக்கிட்டுப் போய் துறைமுகத்துல வெச்சான். முன்னாடி வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்த ஒரு சஃபாரி சூட்காரர் ரொம்ப மரியாதையா கேட்டார்: "ரயில்ல அனுப்பினா லேட்டாகும்னு கையில எடுத்துட்டுப் போறீங்களா?"

பிளைவுட் யாருக்கு

எப்படி அங்க போய் மாட்டினேன்னு சொல்லிடறேன். ராயப்பேட்டைல சலீம் பாய் பட்டறை. கட்டப்போற ஃப்ளாட்டையெல்லாம் தெர்மாகோல்லயும் அட்டைலயும் குட்டியா செஞ்சு பில்டர்களுக்குக் கொடுப்பார். நான் பி.எஸ்ஸி. ஸ்டாடிஸ்டிக்ஸ் முடிச்சுட்டு அங்க ஜன்னல் வெட்டிக்கிட்டிருந்தேன். ரயில்னா எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே பைத்தியம். லஸ்ல நடைபாதைக் கடையில ஒரு பழைய ரயில்வே ரிப்போர்ட் கெடச்சுது. மீட்டர் கேஜ் காலத்துல எந்தச் சரக்கு எத்தனை டன் எங்கேர்ந்து எங்க போச்சுன்னு பக்கம் பக்கமா. அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல. பொம்மை ரயிலைச் சும்மா வட்டமா சுத்த விடறது என்ன பெரிய விஷயம், அந்தக் கணக்குப்படியே ஓட்டினா எப்படி இருக்கும்?

பாய்கிட்ட கெஞ்சி ஒரு பெரிய பிளைவுட் வாங்கினேன். பர்மா பஜார்ல வாங்கின பொம்மை இன்ஜின், அட்டையில வேகன், இஸ்திரிக்காரர்கிட்ட வாங்கின கரித்தூள். ஆடில முகூர்த்தம் இல்லாததால தி.நகர்ல ஒரு கல்யாண மண்டபத்தைக் கண்காட்சிக்கு விட்டிருந்தாங்க. ஓரமா ஒரு இடம் கெடச்சுது. ஆனா அந்தப் பிளைவுட் தரமணி ஃப்ளாட் மாடலுக்காக வாங்கினது. பாய் சொன்னது இன்னும் காதுல இருக்கு: "ஆடி முடியறதுக்குள்ள ஒரே ஒரு ரயில் ஆர்டர் கொண்டாம்மா, உனக்குன்னு தனி செக்‌ஷன். வரலேன்னா ஆவணி பொறந்ததும் ரம்பம்தான்."

கணக்குல வராத வண்டி

முதல் நாள் சாயங்காலம் பனகல் பார்க் பஸ் ஸ்டாப்புல அழுகையை அடக்கிக்கிட்டு நிக்கிறேன். தப்பு எங்கன்னு புரியல. ரிப்போர்ட்ல இருக்கறபடிதானே ஓட்டினேன்? கரி துறைமுகத்துலேர்ந்து உள்ள போகுது, அவ்ளோதான். அப்ப எதிர்த் திசைல ஒரு பஸ், டிரைவர் கண்டக்டரைத் தவிர ஆளே இல்லாம போச்சு. அந்த பஸ்ஸுல டிக்கெட்டே கிழிக்கல. அப்ப அது எந்தக் கணக்குல வரும்?

தலைல அடிச்சுக்கிட்டேன். ரிப்போர்ட்ல இருக்கறது சரக்கோட எடை. கரியைக் கொட்டிட்டு வெறுமனே திரும்பற வேகனுக்கு எடை ஏது? ரிப்போர்ட்ல அது இல்ல, ஆனா தண்டவாளத்துல அது இருந்தாகணும். மறுநாள் கரி போன ஒவ்வொரு தடவையும் காலி வண்டியைத் துறைமுகத்துக்குத் திருப்பி ஓட்டினோம். முட்டல், மோதல் எதுவும் இல்ல. எனக்கு ஆகாசத்துல பறக்கற மாதிரி இருந்துச்சு. ஜனங்கதான் காலி வண்டி வந்தா அடுத்த ஸ்டாலுக்கு, வடாம் பிழியற மெஷினைப் பார்க்கப் போயிடுவாங்க. மூர்த்தி நொச்சிக்குப்பத்து மீனவர் வீட்டுப் பையன். அவன் அலட்டிக்கவே இல்ல. "இன்னாத்துக்கு ஃபீல் பண்ற வசு? மீனோட வந்தாதான் போட்டாண்ட கூட்டம். வெறும் வலையோட வந்தா நாய் கூட எட்டிப் பாக்காது."

உப்பு எப்ப வரும்

எங்க வேகன்லயே அழகு உப்பு வேகன்தான். நிஜக் கல்லுப்பு, லைட் பட்டா மினுமினுன்னு இருக்கும். ஆனா ரிப்போர்ட்ல உப்பு கம்மி. நான் நேர்மையா வகுத்துப் பார்த்ததுல, அந்த வேகன் வாரத்துக்கு ஒரு தடவைதான் வரணும். மூர்த்தி எவ்வளவோ சொன்னான், சும்மா ஓட்டு, யாரு கேக்கப்போறான்னு. நான் மாட்டேன்னுட்டேன்.

மயிலாப்பூர் மாமி ஒருத்தர் கையில ஊறுகா பாட்டிலோட ரொம்ப நேரம் நின்னார். "அந்த வெள்ளை வெளேர்னு இருக்கே, அது எப்போடி போகும்?" திங்கக்கிழமை மாமி, அன்னிக்குத்தான் அதோட முறை, பழைய கணக்கு அப்படின்னு விளக்கினேன். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரேஷன் கடையே தேவலைடியம்மா. அங்க நாளைக்கு வாங்கோன்னுதான் சொல்லுவா."

வருஷம் பூரா அறுப்பு

சொல்லிக்கிட்டிருக்கும்போதே நடுவுல ஒரு போன் வந்துடுச்சு. எங்க விட்டேன்? ஆங், உப்பு முடிஞ்சுது, அடுத்து நெல்லு.

நெல்லு ஜங்ஷன்லேர்ந்து துறைமுகத்துக்கு, மூடின வேகன்ல போகும். வருஷத்து டன்னை நாளுக்கு இவ்வளவுன்னு சமமா வகுத்து, தினமும் ஒரே மாதிரி ஓட்டிக்கிட்டிருந்தேன். தஞ்சாவூர் பக்கத்துக்காரர் ஒருத்தர், பொண்ணு கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தவர், புடவைப் பையைக் கீழ வெச்சுட்டு மூணு நெல்லு வண்டி போறவரைக்கும் பொறுமையா பார்த்தார். அப்புறம் இது எந்த மாசம்னு கேட்டார். எல்லா மாசமும் இப்படித்தான் சார்னேன்.

அன்னிக்கு சாயங்காலமே மாத்திட்டோம். சுவத்துல மாசப் பேரு எழுதின அட்டை ஒவ்வொண்ணா மாட்டினோம். தை, மாசில நெல்லு வண்டி அடைச்சுக்கிட்டு வரும், ஐப்பசி மழைல உப்பு நின்னுடும். கூட்டம் அப்பதான் நிஜமா சேர்ந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடி அவர் சிரிக்காம கேட்டுட்டுப் போனதுதான் மறக்கல: "வருஷம் பூரா அறுப்பு நடக்கற ஊரு எதும்மா? சொன்னா நானும் குடும்பத்தோட வந்துடறேன்."

கடைசி நாள்

கூட்டம் வந்துச்சு, ஆர்டர் வரல. கடைசி நாள் மத்தியானம் பாய் அளவு டேப்போட வந்து பிளைவுட்டோட நீளத்தைப் பார்த்துக்கிட்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கல. மூர்த்தி மார்கழி அட்டையைக் கழட்டிட்டு தை மாட்டினான். நான் காலி வண்டியைத் திருப்பி ஓட்டிக்கிட்டிருந்தேன். பார்க்க யாரும் இல்ல.

ஒருத்தர் மட்டும் இருந்தார். பாய்கிட்ட ஃப்ளாட் மாடல் செய்யற ஒரு பில்டர். மயிலாப்பூர் வரைக்கும் பறக்கும் ரயில், அதான் பாலத்து மேல ஓடற ரயில், வந்த புதுசு அது. அவர் ஃப்ளாட்டுக்குப் பின்னாடியே அது போகுதாம். மாடல்லயும் அது ஓடணும், இதோ இப்படி, சத்தமில்லாம, நிக்காமன்னார். டேப் சுருண்டு பாய் கையில போய் உக்காந்துச்சு. நான் உடனே பேப்பரை எடுத்துக்கிட்டேன். காலைல எத்தனை பேர் ஏறுவாங்க, சாயங்காலம் எத்தனை பேர், எத்தனை பெட்டி வேணும், எல்லாம் கணக்குப் போட்டுடறேன் சார்னேன். அவர் கையை ஆட்டினார். "ஆளெல்லாம் வேணாம்மா. நிஜத்துலயே அது காலியாதான் போகுது."

செக்‌ஷன் கெடச்சுது, என் துறைமுகத்து மேல அவர் ஃப்ளாட் ஏறிச்சு, அதுக்கப்புறம் வந்த ஆர்டர் எல்லாமே பறக்கும் ரயில்தான். கரியும் உப்பும் நெல்லும் அவ்வளவு கணக்கா ஓட்டின என்னைக் கடைசில காப்பாத்தினது கணக்குலயே வராத காலி வண்டிதான்.