நிஸாவின் தக்காளிக் கணக்கு

நஜ்முன் நிஸா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். போரினால் கடல்தொழிலுக்குத் தடை வந்து கணவன் முனாப்பின் தோணி கரையேறிய பிறகு, கிண்ணியாத் தோட்டங்களில் தக்காளி வாங்கி, படகில் துறை கடந்து, திருகோணமலைச் சந்தையில் விற்றாள். கிலோ பதினெட்டு ரூபாவுக்கு வாங்கி இருபதுக்கு விற்றும் கையில் ஒன்றும் தங்கவில்லை. தனக்கு ராசியில்லை என்றே நம்பினாள்.

1993இல் ஒரு காலை, படையினரின் சோதனை முடியும்வரை எல்லோரும் துறையில் காத்திருந்தார்கள். நகரத்துப் பள்ளியொன்றில் படிப்பிக்கும் பரீதா, நிஸாவின் வயதுக்காரி, பக்கத்தில் இருந்து கணிதத் தாள் திருத்தினாள். நிஸா எட்டிப் பார்த்தாள். வாங்கிய பழத்தில் பத்தில் ஒரு பங்கு பழுதானால், நூற்றுக்குப் பத்து வீத இலாபம் பெற மிச்சத்தை என்ன விலைக்கு விற்கவேண்டும்?

"டீச்சர், இது என்ட கதைதானே!"

"அப்ப உங்கட கணக்கையே போடுவம். எவ்வளவு வாங்கினீங்க?"

"நாற்பது கிலோ, எழுநூற்றி இருபது ரூபா. போய்ச் சேரேக்க நாலு கிலோ நசுங்கிரும்."

"விக்கிற விலை தெரியாது. அத x என்டு வைப்பம்."

"தெரியாததுக்குப் பேர் வெச்சாத் தெரிஞ்சிருமா?"

"வெச்சுப் பாருங்களன்."

போட்ட காசோடு பத்து வீதம் சேர்த்து, கடதாசித் துண்டில் பரீதா எழுதினாள்: 36x = 792. நிஸா தானே வகுத்தாள். இருபத்திரண்டு. பிறகு முப்பத்தாறை இருபதால் பெருக்கினாள். எழுநூற்றி இருபது.

"போட்ட காசுதான் திரும்பி வந்திருக்கு, டீச்சர். நான் சும்மா என்ட ராசியத் திட்டினன்."

அன்று சந்தையில் கிலோ இருபத்திரண்டு சொன்னாள். வந்தவர்கள் விலையைக் கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். இருபத்தொன்றுக்கு இறங்கியபோதுதான் தராசு அசைந்தது. படகுக் கூலி போக மிஞ்சியது அற்பம்.

வீடு திரும்பும்போது அந்தச் சமன்பாடே மனதில் ஓடியது. x ஏறாது, முப்பத்தாறு ஏறலாமே? பழம் நசுங்கியது படகில் அல்ல. சோதனையில் சாக்கைக் கம்பியால் குத்தி, தரையில் கொட்டிப் பார்ப்பார்கள்.

"பலகை இடைவெளி விட்டுப் பெட்டி அடிச்சுத் தாங்க. தட்டுத் தட்டா இருக்கோணும்," என்றாள் முனாப்பிடம். "கொட்டாமலே எல்லாம் தெரியோணும்."

தொழிலில்லாமல் இருந்த முனாப் அன்றே பலகை தேடினான். அடுத்த சோதனையில் சிப்பாய் ஒவ்வொரு தட்டாகத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையசைத்தான். இரண்டு கிலோதான் பழுது. முப்பத்தெட்டு கிலோவை இருபத்தொன்றால் பெருக்கி, எழுநூற்றித் தொண்ணூற்றெட்டு, கேட்ட இலாபத்துக்கும் ஆறு ரூபா மேலே என்று பரீதாவிடம் சொல்லும்போது நிஸாவின் குரல் உயர்ந்துவிட்டது.

மழைக்காலம் தொடங்குமுன் மற்ற வியாபாரிகளும் பெட்டி கேட்டு வந்தார்கள்.

"என்ன விலை சொல்ல?" என்றான் முனாப்.

"இருங்க. பலகைக்கும் ஆணிக்கும் எவ்வளவு போச்சு?" என்று கேட்டு, நிஸா பென்சிலை எடுத்தாள்.