ஆமிக்குப் போகமுன் எழுதின பவர்

வீடு, காணிப் பத்திரம் எழுதுற நொத்தாரிசு கந்தோரிலை தட்டெழுத்து வேலை எண்டால், ஊரை விட்டுப் போறவையின்ர பயத்தையும் ஊரிலை நிக்கிறவையின்ர பயத்தையும் ஒரே தாளிலை பிழையில்லாமல் அடிக்கிறதுதான். சண்டைக் காலத்திலை கொழும்பு வெள்ளவத்தையிலை எங்கட கந்தோர் வாங்கிலை இருந்து இடுப்பு நொந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கனடாவுக்குப் போறவருக்கும் பவர் எண்டுற அதிகாரப் பத்திரம் வேணும், லண்டனுக்குப் போறவருக்கும் வேணும்: நான் இல்லாத நேரம் என்ர வீடு வளவை இன்னார் பாக்கலாம், விக்கலாம், என்ர பேரிலை கையெழுத்து வைக்கலாம். அது பரவாயில்லை. ஆமிக்குப் போறவனுக்கும் நான் ஒண்டு அடிச்சனான்.

வேற வேலை

சுனில் பாமன்கடைப் பொடியன். தகப்பன் சிங்களவர், செத்துப்போட்டார். தாய் ராணியக்கா கொட்டாஞ்சேனைத் தமிழ். வீடு மகன்ர பேரிலை. திங்கட்கிழமை அவன் ஆமி ட்ரெயினிங்குக்குப் போகவேணும். போகமுன் தாய்க்குப் பவர் எழுதினால், தங்கச்சி நிர்மலாவுக்குச் சம்பந்தம் சரிவரேக்கை அந்த வீட்டைத் தாயே சீதனமாய் எழுதிக் குடுக்கலாம்.

எனக்கெண்டால் பத்திக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்திலை எங்கட வீட்டுக்கு மேலை ஆமியின்ர ஷெல் விழுந்து, அம்மாவும் நானும் ஒரு லொட்ஜ் அறையிலை முடங்கிக் கிடக்கிறம். இஞ்சை நான் ஆமிக்காரனுக்குக் கடதாசி அடிக்கிறன். என்ர வாய் சும்மா இருக்குமே? "தம்பி, தாய் தமிழ். நீர் போய் ஆரைச் சுடப்போறீர்?" எண்டு கேட்டேவிட்டன். அவன் கோவிக்கேல்லை. என்னை நேராய்ப் பாத்துச் சொன்னான்: "வேற வேல எடுத்துத் தாங்க அக்கா, நான் போகல."

சாட்சி

பவருக்கு ரெண்டு சாட்சி வேணும். வழக்கமாய்ப் பியோனும் நானும்தான். கையெழுத்து வைக்கிறவரை எங்களுக்கு நல்லாய்த் தெரியும் எண்டு அதிலை ஒரு வசனம் இருக்கு. ஆரெண்டே தெரியாத எத்தினை பேருக்கு அந்த வசனத்துக்குக் கீழை கண்ணை மூடிக்கொண்டு வைச்சிருக்கிறன்! அண்டைக்கு மட்டும் பேனையைக் கீழை வைச்சிட்டு, "இவரை எனக்குத் தெரியாது ஐயா" எண்டன்.

நொத்தாரிசு ஐயா மூக்குக்கண்ணாடிக்கு மேலாலை பாத்தார். "தெரியாமலே பிள்ளை இவ்வளவு நேரமும் அவனோட சண்டை பிடிச்சனீர்? வையும் கையெழுத்தை."

சொல்லக்கூடாத சொல்

பயணம் போறவைக்கு முன்னாலை சாவைப் பற்றிக் கதைக்கிறேல்லை. எங்கட கந்தோரிலை இது எழுதாத சட்டம். ஐயா மறந்துபோய் வாயை விட்டிட்டார். "குடுத்தவர் உயிரோட இருக்குமட்டும்தான் பவர் செல்லும். ஆமிக்குப் போற பிள்ளை. ஒரு மரணசாசனமும் எழுதுவமே?"

ராணியக்கா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினா. பொடியன் சிரிச்சுச் சமாளிச்சு, பவரிலை மட்டும் கையெழுத்து வைச்சான்; கீழை நானும் சாட்சிக்கு வைச்சன். வாசல்படியிலை நிண்டு அவ திரும்பிக் கேட்டா: "பயணம் போற புள்ளக்கி உங்க வாயில ஒரு நல்ல வார்த்த வராதா ஐயா?"

செல்லுமா?

பிறகு வடக்கிலை பெரிய சண்டை. சுனிலைக் காணேல்லை எண்டு ஆமியிலிருந்து தந்தி வந்தது. செத்ததெண்டும் இல்லை, இருக்கிறதெண்டும் இல்லை. அந்த நேரம் பாத்து நிர்மலாவுக்குச் சம்பந்தம் பொருந்திச்சுது. மாப்பிள்ளை பகுதி, வீட்டு உறுதிப் பத்திரம் கைக்கு வந்தால்தான் கலியாணம் எண்டு நிண்டுது. ராணியக்கா மகளோட பவரைக் கொண்டு வந்து மேசையிலை வைச்சா.

ஐயா இந்த முறை மெல்லமாய்த்தான் சொன்னார். அவன் இருக்கிறானோ எண்டு தெரியாமல் இந்தப் பவரிலை உறுதி முடிக்கேலாது. மரண அத்தாட்சிப் பத்திரம் எடுத்தால் வீடு தாய்க்கும் தங்கச்சிக்கும் வரும், அடுத்த நாளே எழுதலாம். நானும் சேர்ந்து, "ராணியக்கா, இருக்கிற பிள்ளையின்ர வாழ்க்கையைப் பாருங்கோ" எண்டன். நிர்மலா தலையைக் குனிஞ்சுகொண்டு, "அப்பிடி எனக்குக் கலியாணம் வேணாம் அக்கா" எண்டாள். ராணியக்கா பவரை மடிச்சுக் கைப்பைக்குள்ளை வைச்சா. "குடுத்தவன் அவன். கான்சல் பண்றதுன்னா அவனே வந்து பண்ணட்டும்."

வீடு விக்கிற வாசகம், காணி பிரிக்கிற வாசகம் எல்லாம் தூக்கத்திலையும் அடிப்பன், பவர் குடுத்த பொடியனைத் திருப்பிக் கூப்பிடுற வாசகம் மட்டும் இந்தத் தொழிலிலை எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை.