கான்சல் ஆன கல்யாணம்

என் தங்கையின் கல்யாணத்தை வேதக்கோயிலில் இரண்டு ஞாயிறு அறிவித்திருந்தார்கள். மூன்றாம் முறையும் அறிவித்தால் தாலி கட்டலாம். அந்த மூன்றாம் ஞாயிறுக்கு முந்தைய நாள் குழித்துறைச் சந்தையில் மாப்பிள்ளையின் தகப்பனாரைக் கண்டேன். தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. வெற்றிலையைத் துப்பிவிட்டு, "கல்யாணம் கான்சல், மக்கா. போதகருகிட்டயும் சொல்லியாச்சு" என்றார். நிறுத்திவிட்டோம் என்று தமிழில் சொல்ல அவருக்கே வாய் வரவில்லை போலிருக்கிறது. ஏன் என்றுகூடக் கேட்காமல் வீட்டுக்கு நடந்தேன்.

தங்கை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பேசாமல் நின்றேன்.

"என்ன அண்ணா, வாயில கொழுக்கட்டையா?"

"கல்யாணம் கான்சலுன்னு சொன்னாவ."

"அப்படின்னா?"

"நீ வேண்டாமாம்."

முறத்தைக் கீழே வைத்தாள். "இங்கிலீசுல சொன்னா எனக்கு வலிக்காதாக்கும்!"

மறுநாள் கோயிலுக்குப் போக வேண்டாம் என்றாள் அம்மா.

"ஏன், நான் என்னத்தக் களவெடுத்தேன்?" என்று கேட்டுவிட்டு, பெண்கள் பக்கம் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள் தங்கை. கல்யாண அறிவிப்பில் போதகர் வேறொரு ஜோடியின் பேரை மட்டும் வாசித்துத் தாளை மடித்தார். சபை முழுவதும் அவளைப் பார்த்தது. அடுத்த பாட்டுக்கு அவள்தான் முதலில் எழுந்தாள். குரல் நடுங்கியது, ஆனாலும் பாடினாள். ஆண்கள் பக்கத்தில் நான் வாய் திறக்கவில்லை.